பத்து யார் சட்டம்

கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம் என் கணவர் ஒரு கார் வாங்கினார். கறுப்பு நிறம், நாலு கதவு. பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஓடிக் களைத்த பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தது. ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. மருதமுனையில் எங்கள் குறுகிய ஒழுங்கைக்குள் அதற்கு முன் மாட்டு வண்டியும் சைக்கிளும்தான் வந்திருந்தன. கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் வாடகைக்கு ஆள் ஏற்றி ஹயர் ஓடிப் பிழைக்கலாம் என்பது அவருடைய திட்டம்.

எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அவரும் அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். வீட்டில் வாப்பா, உம்மா, என் மூன்று தங்கைகள், போதாததற்கு எந்நேரமும் யாராவது சொந்தக்காரர். எனக்கு வயது பத்தொன்பது. புதிதாக வந்த கணவரோடு மனம்விட்டு நாலு வார்த்தை கதைக்க அந்த வீட்டில் ஒரு மூலை கிடையாது. சோறு போடும்போது, "கறி காணுமா, இன்னும் போடவா?" என்று கேட்பேன். "காணும்" என்பார். அவ்வளவுதான் எங்கள் குடித்தனம்.

கார் வந்த பிறகு அது மாறியது. கடற்கரை ஊரில் கார் வைத்திருந்தால் தினமும் கழுவத்தான் வேண்டும். உப்புக்காற்று ஒரே வாரத்தில் இரும்பைத் தின்னத் தொடங்கிவிடும். விடியலில் சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் அவர் காரை வேலியோரம் ஒழுங்கையில் நிறுத்துவார். நான் கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு போவேன். அவர் சவுக்காரம் போட்டுத் தென்னந்தும்பால் தேய்ப்பார். நான் மேலிருந்து ஊற்றுவேன். வீட்டில் மற்றவர்கள் எழும்பி வெளியே வரும்வரை அரை மணி நேரம் எங்களுக்கே சொந்தம். அவர் சிறுவயதில் களப்பில் தோணி கவிழ்ந்து நீந்திக் கரையேறிய கதை, எனக்குக் கணக்கு வராமல் பள்ளிக்கூடத்தில் அழுத கதை, எல்லாம் அந்த அரை மணி நேரத்தில்தான் ஒருவருக்கொருவர் சொன்னோம். நான் வாய்விட்டுச் சிரிப்பேன் என்பது அவருக்கு அங்கேதான் தெரிய வந்தது.

ஒரு நாள் சிரிப்பு கூடிப்போய்விட்டது. அவர் என்மேல் தண்ணீரை விசிற, நான் வாளியோடு அவர்மேல் ஊற்ற, அவர் விலக, சக்கரத்துக்கு அடியில் கிடந்த எண்ணெயும் சேறுமான தண்ணீர் முழுவதும் பக்கத்து வீட்டு மாமியின் பாவில் போய் விழுந்தது.

பாவு என்றால் நெசவுக்கு முன் நீட்டிக் கட்டும் நூல். மாமி ஆண்கள் உடுக்கும் சாரம் நெய்கிறவர். கஞ்சி போட்ட வெள்ளை நூலை விடியலிலேயே ஒழுங்கை நீளத்துக்குக் கம்பு நட்டு நீட்டியிருந்தார். அதில் பாதி கறுத்துப்போய்த் தொங்கியது. மாமி வெளியே வந்து பார்த்தார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கறுத்த நூலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"மாமி, மன்னிச்சிக்கங்க. எங்கட பிழைதான்" என்றார் என் கணவர்.

"பிழைதான் மகன்" என்றார் மாமி. "ஆனா நாளைக்கும் நீங்க கழுவத்தானே போறீங்க? நானும் நெய்யத்தானே வேணும்?"

புது நூல் எடுத்துக் கொடுத்து நாங்களும் கூட நின்று பாவு நீட்டினோம். என்றாலும் மாமி நியாயத்தை நிலைநாட்டக் கிராமச் சங்கத்துக்குப் போய்விட்டார். அடுத்த மாதம் சங்கத்துப் பலகையில் ஒரு சட்டம் ஒட்டப்பட்டது. மோட்டார் வாகனங்களை ஒழுங்கைகளில் கழுவக் கூடாது. வீட்டு வளவுக்குள் கழுவலாம். ஆனால் எந்தக் கிணற்றிலிருந்தும் பத்து யாருக்கு, அதாவது முப்பது அடிக்கு, இந்தப் பக்கம் கழுவக் கூடாது. முடியாதவர்கள் மேற்கே வட்டை என்கிற வயல்வெளியில் ஓடும் வாய்க்காலில் கழுவிக்கொள்ளலாம். "மோட்டார் வாகனங்கள்" என்று பன்மையில் எழுதியிருந்தார்கள். ஊரே வாசித்துவிட்டு எங்கள் வீட்டைத்தான் பார்த்தது.

சட்டத்தோடு, சங்கத்து வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியரும் வந்தார். மெலிந்த மனிதர், சைக்கிளில் அளவு நாடாவோடு. எங்கள் கிணற்றிலிருந்து அளந்தார். மாமியின் கிணற்றிலிருந்து அளந்தார். பின்வேலிக்கு அப்பால் இன்னொரு கிணறு இருந்தது, அதிலிருந்தும் அளந்தார். எங்களுடையது சின்ன வளவு. முற்றத்தில் எங்கே நின்றாலும் ஏதோ ஒரு கிணறு கிட்ட வந்துவிட்டது. கடைசியில் நாடாவைப் பிடித்துக்கொண்டு விறாந்தைக்குள் ஏறி, வாப்பா சாய்மனைக் கதிரையில் இருந்த இடத்தில் போய் நின்றார்.

"இந்த எடந்தான் சரி. மூணு கிணத்துக்கும் பத்து யார் இருக்கு."

வாப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "அப்ப காரை விறாந்தையில ஏத்தி, என்ன எழுப்பிட்டுக் கழுவச் சொல்றீங்களா?"

"நான் சொல்லல்ல. சட்டம் சொல்லுது" என்றார் ஓவசியர், சிரிக்காமல்.

அன்றிலிருந்து கார் வாய்க்காலுக்குப் போகத் தொடங்கியது. தினமும் அவ்வளவு தூரம் முடியாததால் கிழமைக்கு, அதாவது வாரத்துக்கு, இரண்டு தரம் என் கணவர் தனியாகக் கொண்டுபோய்க் கழுவி வந்தார். பொம்பிளைப் பிள்ளை காரில் ஏறி வட்டைக்குப் போவதாவது! எனக்கு மீண்டும், "கறி காணுமா?" மட்டும்தான் மிஞ்சியது. காருக்கு முன்னால் போகும்போது அதன் மட்கார்டை விரலால் தடவிவிட்டுப் போவேன். மாமியோடு எனக்குக் கோபம் இல்லை. நூல் கறுத்ததை நானும் கண்ணால் கண்டவள்தானே. என்றாலும் விடியலில் எழும்பியதும் கை தானாக வாளியைத் தேடும்.

மாரி தொடங்கிய சமயத்தில் மாமியின் மகனுக்குக் கலியாணம் வந்தது. பெண் வீடு சாய்ந்தமருதில். மாப்பிள்ளையை எங்கள் காரில்தான் கொண்டுபோய் விடவேண்டும் என்று மாமி முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஒழுங்கையில் பந்தல் போட்டுக் கடற்கரையிலிருந்து வெள்ளை மணல் கொண்டுவந்து பரப்பியிருந்தார்கள்.

கலியாணத்துக்கு முதல் நாள் மழையில் மட்டக்களப்புக்குப் போன கார் சேற்றில் குளித்த எருமைபோல வந்து நின்றது. அது நின்ற பிறகு மறுபடி எழும்பவில்லை. என் கணவர் முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். அது உதைத்துத் திரும்பியதில் அவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது. பாண்டிருப்பிலிருந்து முறிவு வைத்தியர் வந்து, எண்ணெய் போட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். "நாப்பது நாளைக்குக் கையத் தூக்கப்படாது" என்றார்.

மறுநாள் பின்னேரம் காரை ஓட்டக் கல்முனையிலிருந்து ஒரு சாரதி வருவதாக ஏற்பாடாகிவிட்டது. காலையில் காரை யார் வாய்க்காலுக்குக் கொண்டுபோவது? ஆண்களில் பாதிப் பேர் கடலுக்குப் போயிருந்தார்கள். மீதிப் பேர் விருந்துச் சமையலில் நின்றார்கள். அவர்களிலும் ஒருவருக்கும் ஓட்டத் தெரியாது.

கலியாண நாள் விடிந்ததும் மாமி வந்து காரைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார். "இண்டைக்கு மட்டும் ஒழுங்கையிலேயே கழுவுங்க மகன். ஆரு கேக்கப்போறா? நானே சங்கத்துக்குப் பதில் சொல்றன்."

"ஏலா மாமி" என்றார் அவர். "இந்த வெள்ள மணல் முழுக்கச் சேறாகும். ஒங்கட வீட்டுக்கு வாறவங்க எங்க இருக்கிறது?"

 மாமி சேலையை இடுப்பில் செருகினார். "அப்ப தள்ளுவம்."

"தள்ளலாம். ஆனா ஒருத்தர் உள்ளுக்க இருந்து ஸ்டேரிங் புடிக்கணுமே. எனக்கு ஒரு கைதான் இருக்கு."

எப்படித் துணிவு வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "நான் புடிக்கிறன்" என்றேன். எல்லாரும் வாப்பாவைப் பார்த்தார்கள். வாப்பா என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், வாசலில் நின்ற மாமியைப் பார்த்தார். "மருமகன் பக்கத்துல இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

முக்காட்டை இறுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். பின்னால் மாமி, என் தங்கைகள், கலியாண வீட்டுக்குப் பலகாரம் சுட வந்த பெண்கள் என்று எட்டு ஒன்பது பேர். "பிஸ்மில்லாஹ்!" என்று மாமி குரல் கொடுத்ததும் கார் அசைந்தது. ஸ்டேரிங் அவ்வளவு பாரமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வேலிக் கிடுகு கதவில் உரசியது. "வலப்பக்கம், புள்ள, வலப்பக்கம்! அது இடது!" என்று அவர் கத்தினார். பின்னால் பெண்கள் சிரித்த சிரிப்பில் தள்ளுவது நின்றுபோய்விட்டது.

பெரிய தெருவைக் கடக்கும்போது மட்டக்களப்பு பஸ் வந்து நின்றது. பஸ் முழுவதும் யன்னலால் தலையை நீட்டிப் பார்த்தது. சாரதி ஹோன் அடிக்கவும் மறந்துபோனார். தெருவுக்கு மற்றப் பக்கத்தில் சைக்கிளோடு நின்றவர் ஓவசியர். ஸ்டேரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"எங்க போறீங்க எல்லாரும்?"

"ஒங்கட சட்டப்படி கழுவப் போறம்!" என்றார் மாமி மூச்சு வாங்க. "வேணுமெண்டா நாடாவக் கொண்டுவந்து அளந்து பாருங்க."

ஓவசியர் என்னைப் பார்த்தார். சட்டத்தில் யார் ஸ்டேரிங் பிடிக்கலாம், யார் பிடிக்கக் கூடாது என்று ஏதாவது இருக்கிறதா என்று மனதுக்குள் புரட்டிப் பார்த்திருப்பார்போல. பிறகு சைக்கிளை ஒரு தென்னையில் சாய்த்துவிட்டு வந்து, மட்கார்டில் கை வைத்துத் தள்ளத் தொடங்கினார்.

மாரித் தண்ணீர் வந்து வாய்க்கால் நிறைந்து ஓடியது. இரண்டு பக்கமும் இளம்பச்சையாய் நெல். காரைக் கரையில் நிறுத்தியதுதான் தாமதம், பெண்கள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கிவிட்டார்கள். ஒருத்தி பொனட், ஒருத்தி கூரை, என் தங்கைகள் ஆளுக்கொரு சக்கரம். மாமி தும்பால் கதவைத் தேய்த்த தேய்ப்பில் பெயின்ட் போய்விடுமோ என்று என் கணவர் பயந்தார். ஓவசியர் காற்சட்டையை மடித்துவிட்டு வாளி வாளியாய் அள்ளிக் கொடுத்தார். கழுவி முடிந்த பிறகும் யாரும் கரையேறவில்லை. யார் முதலில் விசிறியது என்று தெரியாது. ஐந்து நிமிடத்தில் கார் மட்டும்தான் காய்ந்துகொண்டிருந்தது, நாங்கள் எல்லாரும் நனைந்திருந்தோம். கல்லில் இருந்த என் கணவர் முறிந்த கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "சிரிக்கவைக்காதீங்க, கை நோகுது!" என்று கெஞ்சினார்.

திரும்பும் வழியில்தான் சங்கடம். வாய்க்கால் கரை சரிவு. ஈர மண்ணில் கார் ஒரு முழம் ஏறி இரண்டு முழம் வழுக்கியது. என் கணவர் யோசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஸ்டார்ட் பண்ணி ஓட்டுவமா?"

"ஆரு?"

"நீதான். நான் சொல்லித் தாறன்."

ஹேண்டிலைச் சுற்ற மாமி முன்னுக்கு வந்தார். ஓவசியர் தான் சுற்றுவதாகச் சொன்னார். மாமி அவருடைய மெலிந்த கையைப் பார்த்துவிட்டு, "நீங்க நில்லுங்க தம்பி" என்றார். முப்பது வருசமாய்த் தறி இழுத்த கை மாமியுடையது.

"பெருவிரல உள்ளுக்க மடிக்காதீங்க மாமி. உதைச்சா உட்டுரணும்" என்றார் என் கணவர்.

முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் கார் இருமியது. முதல் நாள் மழையில் ஊறிய இயந்திரம் அதற்குள் காய்ந்துவிட்டதோ என்னவோ, மூன்றாவதில் உறுமிக்கொண்டு எழும்பியது. பெண்கள் குரவை போட்டார்கள். நான் அவர் சொன்னபடி ஒரு காலை அமத்தி, ஒரு காலை மெல்லத் தூக்கினேன். கார் ஒரு துள்ளுத் துள்ளிக் கரையில் ஏறிவிட்டது. என் கால்களுக்குக் கீழே அந்த இயந்திரம் நடுங்கியதும், நான் திருப்பிய பக்கம் அது திரும்பியதும், வட்டைக் காற்று ஈரமான முக்காட்டில் அடித்ததும்! நடக்கிற வேகம்தான். எனக்கு அது பறக்கிற மாதிரி இருந்தது. பின்னால் பெண்கள் வாளிகளோடு ஓடி வந்தார்கள்.

ஒழுங்கைத் தலைப்பில் வாப்பா நின்றார். என்ன சொல்லப்போகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் உயர்த்தி வீசினார்.

"ஹோன் அடி மகள்! ஆடு நிக்கிது!"

அடித்தேன். ஆடும் ஓடியது, வாப்பாவும் ஓடினார்.

பின்னேரம் கல்முனைச் சாரதி வந்து, பூமாலை கட்டிய காரில் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனார். அதன் கறுப்பில் பந்தல் முழுவதும் தலைகீழாய்த் தெரிந்தது. மாமி வாறவர் போறவரை எல்லாம் பிடித்து, யார் ஸ்டார்ட் பண்ணியது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

என் கணவரின் கை சுகமாகும்வரை கிழமைக்கு இரண்டு தரம் நானே காரை வாய்க்காலுக்கு ஓட்டினேன். அவர் பக்கத்தில். ஊர் முதலில் பார்த்தது, பிறகு பழகிவிட்டது. வீட்டு ஒழுங்கையில் கிடைத்த அரை மணி நேரம் வட்டையில் இரண்டு மணி நேரமாய் நீண்டது. கார் அவ்வளவு சுத்தமாய் ஒருபோதும் இருந்ததில்லை.

நாற்பதாம் நாள் பாண்டிருப்பு வைத்தியர் வந்து கட்டை அவிழ்த்து, எலும்பு நன்றாய்ப் பொருந்திவிட்டது என்றார். அவர் போன பிறகு என் கணவர் என்னைக் கூப்பிட்டு, மூங்கில் பத்தைகளை என்னிடம் நீட்டினார்.

"இன்னும் ரெண்டு கிழமைக்குக் கட்டி உடு, புள்ள. வாப்பாட்ட ஒண்டும் கதைச்சிராத."