மூன்று செட் அப்சோர்பரும் மணியம் அங்கிளின் முதுகும்

சஸ்பென்ஷன் தொழிலில் பத்து வருடம் இருந்தால் போதும், யார் காரில் ஏறினாலும் அவர்கள் பேசுவது நம் காதில் விழாது, முதுகெலும்புதான் கேட்டுக்கொண்டிருக்கும். குலுக்கலைத் தாங்கும் முன்பக்க அப்சோர்பர் செத்துவிட்டது, பின்பக்க ரப்பர் தேய்ந்துவிட்டது என்று அது பாட்டுக்கு எனக்குச் சொல்லிக்கொண்டே வரும். கூட்டரசு நெடுஞ்சாலையில் தினமும் குலுங்கிக்கொண்டு வேலைக்குப் போகும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிள்ளானில் எனக்கும் என் கூட்டாளி ஆ ஹெங்குக்கும் ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் காரில் கம்பெனி போட்டுக் கொடுத்த அப்சோர்பரைக் கழற்றிவிட்டு, உயரத்தையும் இறுக்கத்தையும் நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும் செட்டைப் பூட்டுவதுதான் எங்கள் வேலை. ஆ ஹெங் ஸ்பானர் பிடிப்பார். வருகிறவர்களிடம் பேசி எந்த செட் பொருந்தும் என்று சொல்வதும், பூட்டிய பிறகு ஓட்டிப் பார்த்துச் சரி செய்வதும் நான். ஆ ஹெங் ஜெஞ்சாரோம் பக்கத்து எஸ்டேட்டில் வளர்ந்தவர். என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். எத்தனையோ கார் பார்த்த எங்கள் இருவரையும் போன வருடம் ஒரு மஞ்சள் கார் ஆறு வாரம் ஆட்டி வைத்தது.

யாருடைய கார்

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்ததும் "பாஸ் இல்லையா?" என்பார்கள். நான் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெண் என்று அவர்களுக்கு எண்ணம். "நான்தான் பாஸ்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. மனிதர்கள் ஏன் ஆளைப் பார்த்து எடை போடுகிறார்கள் என்று ஆ ஹெங்கிடம் பலமுறை புலம்பியிருக்கிறேன்.

அன்று காலை ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் வந்து நின்றது. இரண்டு கதவு, தரையோடு தரையாக உட்கார்ந்த ஜப்பான் கார். அதிலிருந்து பருத்திச் சேலையும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு அம்மா இறங்கினார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். காஜாங்கில் இருக்கிறாராம், பெயர் சந்திரா, முப்பத்து மூன்று வருடம் கணக்கு டீச்சராக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "பையனோட காரா டீச்சர்? அவர் வரலையா?" என்று கேட்டேன். உள்ளே ஆ ஹெங் இருமுவது கேட்டது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்: "பையன் ஏழு சீட் வேன் ஓட்டுறான்மா. இது என்னோட கார்."

இரண்டு நிபந்தனை

நோட்டைத் திறந்தார். முதல் பக்கத்தில் கோடு போட்டு இரண்டு வரி எழுதியிருந்தார். ஒன்று, ஆறு வாரத்தில் செப்பாங் பந்தயப் பாதையில் ஒரு கார் கிளப் நடத்தும் ஓட்ட நாளுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். அதற்குக் கார் தயாராக வேண்டும். இரண்டு, அதே காரில் அவர் கணவர் வலியில்லாமல் உட்கார வேண்டும். கணவர் மணியம் அங்கிள், கிள்ளான் துறைமுகத்திலிருந்து முப்பது வருடம் டிரெய்லர் லோரி ஓட்டியவர். இந்தக் காரின் நிறத்தைத் தேர்ந்தெடுத்ததே அவர்தானாம். கார் வந்த மூன்றாவது மாதம் அவருக்கு முதுகில் ஆபரேஷன். அதன் பிறகு ஒரே ஒரு தடவை, கிள்ளானில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு இந்தக் காரில் கிளம்பினார்கள். பாதி வழியில் அங்கிள் வலி தாங்காமல் பெட்ரோல் ஸ்டேஷனில் இறங்கி, வாடகைக் கார் பிடித்துப் போய்விட்டார். அன்றிலிருந்து டீச்சர் பக்கத்து சீட்டில் தன் கைப்பையைத்தான் வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்.

எனக்குத் தயக்கம். பந்தயப் பாதைக்குக் கார் இறுக்கமாக இருக்க வேண்டும், வலியுள்ள முதுகுக்கு மெத்தென்று இருக்க வேண்டும். மாற்றிக்கொள்ளும் செட் என்று பெயர்தானே தவிர, பெரும்பாலானவை ஒரு பக்கம்தான் சாயும். செப்பாங்கா, அங்கிளா, ஒன்றைச் சொன்னால் அதற்கு ஏற்ற மாதிரி நல்லதாகப் பார்க்கலாம் என்றேன். டீச்சர் நோட்டை மூடினார். "ரெண்டும் வேணும்மா. ஒன்னை விட்டுக்கொடுக்கிற வயசெல்லாம் எனக்கு முடிஞ்சு போச்சு."

முப்பத்திரண்டு கிளிக்

இந்த மாடல் காருக்கு ஓட்டிப் பார்க்கவென்றே மூன்று செட் வைத்திருந்தோம். தைவான் செட் ஒன்று, ஐரோப்பா செட் ஒன்று, ஜப்பான் செட் ஒன்று. மூன்றையும் பூட்டி ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு மார்க் போடுவது என்று டீச்சர் முடிவு செய்தார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த இரவு சரியாகத் தூக்கமில்லை. இப்படி ஒரு சோதனையை நானே செய்ய ஆசைப்பட்டு வருடக்கணக்காக ஆளில்லாமல் இருந்தேன்.

முதலில் தைவான் செட். ஒவ்வொரு அப்சோர்பரின் தலையிலும் ஒரு திருகு, முப்பத்திரண்டு கிளிக். ஒவ்வொரு கிளிக்குக்கும் இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். கடைசி வரை தளர்த்தி வைத்தோம். மகனின் வேனில் வந்து இறங்கிய மணியம் அங்கிள், இடுப்பில் பெல்ட்டும் கக்கத்தில் தலையணையுமாக, காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பக்கத்து சீட்டில் அமர்ந்தார். டீச்சர் வேறு காரில் பின்னால் வர, நான் ஜெஞ்சாரோம் பக்கம் செம்பனைத் தோட்டத்து ரோட்டில் ஓட்டினேன். லோரிகள் போய்ப் போய் அலை அலையாகிப்போன ரோடு அது. முதல் பள்ளத்திலேயே அவர் கை கதவுப் பிடியை இறுக்கியது. மூன்றாவது பள்ளத்தில் நிறுத்தச் சொன்னார்.

ஓரமாக நிறுத்தினேன். அவர் இறங்கி, தலையணையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரக் கட்டையில் உட்கார்ந்தார். மூச்சு சீரானதும் நானே எதிர்பார்க்காத நிதானத்தோடு சொன்னார்: "கிளிக்கை எங்க திருப்பினாலும் ஸ்பிரிங்கு மாறாதுமா. இது லோரிதான், மஞ்சப் பெயின்ட் அடிச்சிருக்காங்க."

பட்டன் வைத்த செட்

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்த செட்டின் ஸ்பிரிங் பந்தயத்துக்கென்று செய்த கெட்டி ஸ்பிரிங். டீச்சர் நாற்பத்தொரு மார்க் போட்டு, சிவப்பு மையில் அடிக்கோடிட்டார். அடுத்த வாரம் ஐரோப்பா செட். இதில் திருகே கிடையாது. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு பட்டன். அழுத்தினால் கார் தானே இறுகும், மறுபடி அழுத்தினால் தளரும். அதே ரோடு, அதே பள்ளம். நான் ஒவ்வொரு பள்ளத்திலும் அங்கிளின் முகத்தைப் பார்த்தேன். நான்காவது பள்ளம் தாண்டியபோது அவர் தூங்கிவிட்டிருந்தார். ரோட்டோரத்தில் நிறுத்தி டீச்சரை அழைத்துக் காட்டினேன். கார்க் கண்ணாடி வழியே அவரைப் பார்த்த டீச்சர் பேனாவை எடுத்தார். நோட்டில் தொண்ணூற்றாறு என்று எழுதினார். ஆ ஹெங்குக்குப் போன் போட்டு, வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டேன்.

முடியவில்லை. அன்று மாலையே டீச்சரிடமிருந்து போன். நான் காஜாங்குக்கு ஓடினேன். அவர்கள் வீட்டு வாசல் சரிவு செங்குத்து. காரின் முன் பம்பரின் அடிவிளிம்பு சரிவில் முட்டி நிற்க, பின்பாதி ரோட்டில் இருந்தது. கேட்டுக்கு வெளியே டீச்சர், மகன், பக்கத்து வீட்டு ஆன்டி எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த செட் காரை இறக்குவதற்கென்றே செய்தது. அதற்கு மேல் உயர்த்த அதில் வழியில்லை. அங்கிள் இன்னும் பக்கத்து சீட்டிலேயே சாய்ந்திருந்தார். கண்ணாடியை இறக்கி என்னிடம் சொன்னார்: "எனக்கு ரொம்ப நல்லாருக்கு. வீட்டுக்குள்ளதான் போகாது."

ஆ ஹெங்கின் கணக்கு

மூன்றாவதாக ஜப்பான் செட். பதினாறே கிளிக், பட்டன் கிடையாது, பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஆனால் இறுக்கத்துக்கு ஒரு திருகு, உயரத்துக்குத் தனியாக ஒரு திருகு. ஸ்பிரிங்கையும் நமக்கு வேண்டிய கனத்தில் தனியாக வாங்கிப் போடலாம். அங்கிள் சொன்ன வார்த்தையை மனதில் வைத்து மெல்லிய ஸ்பிரிங்காகத் தேடி வரவழைத்தேன். வாசல் சரிவை டேப் பிடித்து அளந்து, காரைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொன்னேன். மூன்று வாரத்தில் மூன்றாவது தடவையாக அதே காரின் நாலு சக்கரத்தையும் கழற்றிய ஆ ஹெங், முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "இந்த நட்டுக்கெல்லாம் என்னைத் தெரியும்லா. கையை வச்சா அதுவே கழண்டுக்குது."

எண்ணும்போது பேசக்கூடாது

திருகை முழுக்க இறுக்கிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே தளர்த்துவதுதான் முறை. அங்கிளுக்குப் பன்னிரண்டு கிளிக் என்று கணக்குப் போட்டிருந்தேன். நானே குனிந்து நான்கு திருகையும் வைத்தேன். வைத்துக்கொண்டே, செப்பாங்கில் எங்கே பிரேக் போட வேண்டும், எங்கே விட வேண்டும் என்று டீச்சரிடம் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஓட்டிப் பார்க்கப் போன டீச்சர் பத்து நிமிடத்தில் திரும்பினார். வலது பக்கம் திரும்பும்போது கார் ஒரு மாதிரியும், இடது பக்கம் திரும்பும்போது வேறு மாதிரியும் போகிறது என்றார். ரோட்டின் சாய்வாக இருக்கும் என்றேன். அவர் அசையவில்லை. இரண்டு பக்கமும் ஒரே ரோட்டில் போய் வந்தேன், நீயே எண்ணிப் பார் என்றார். பானட்டைத் திறந்து எண்ணினேன். இடது முன்பக்கம் பன்னிரண்டு. வலது முன்பக்கம் ஐந்து. பந்தயப் பாதையில் வேகமாகப் போகும்போது இது தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! வலது பக்கத்தையும் பன்னிரண்டுக்குத் தளர்த்தினேன். மன்னிப்புக் கேட்டேன். டீச்சர் திட்டவில்லை. "எண்ணும்போது பேசாதேன்னு முப்பத்து மூணு வருஷம் சொல்லியிருக்கேன். இன்னிக்கு நானே உன்னைப் பேச வச்சிட்டேன்" என்றார்.

செப்பாங்

ஓட்ட நாள் காலை. மணியம் அங்கிள் காஜாங்கிலிருந்து அதே காரில், பன்னிரண்டு கிளிக்கில், வந்து இறங்கினார். தலையணை இல்லை. நானும் ஆ ஹெங்கும் பானட்டைத் திறப்பதற்குள் அவர் கையை நீட்டி எங்களைத் தடுத்தார். முன்பக்கத் திருகு இரண்டையும் தானே இறுக்கப்போகிறேன் என்றார். நின்றபடியே, வாய்விட்டு எண்ணி நான்கில் வைத்தார். பின்பக்கத்தை ஆ ஹெங் பார்த்துக்கொண்டார். அந்தக் கால் மணி நேரம் எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. சேலையை விட்டு நீளக் கால்சட்டையும் ஹெல்மெட்டுமாக டீச்சர் பாதைக்குள் போனார். புதியவர்கள் குழுவில் இருபது கார். ஓட்டுகிறவர்கள் எல்லாம் அவர் மாணவர்களின் வயதுப் பையன்கள்.

முதல் சுற்றுகளில் எல்லாரும் அவரைத் தாண்டிப் போனார்கள். அங்கிள் சுவரோரம் நின்று கண்ணிமைக்காமல் பார்த்தார். "பிரேக் போடறப்ப பின்பக்கம் துள்ளுது. ரெண்டு கிளிக் தளர்த்தணும்" என்றார் என்னிடம். டீச்சர் உள்ளே வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், பின்பக்கம் துள்ளுகிறது, இரண்டு கிளிக் தளர்த்து என்றார். ஆ ஹெங் என்னைப் பார்த்தார், நான் ஆ ஹெங்கைப் பார்த்தேன். இரண்டு கிளிக் தளர்த்தினோம். அடுத்த முறை போனபோது அந்தக் கார் வேறு காராக இருந்தது. வளைவில் நுழைந்தால் அப்படியே தரையில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது. கடைசிச் சுற்றில், நேர்ப்பாதை முடியும் இடத்தில், ஒரு வெள்ளைக் காரைச் சுத்தமாகத் தாண்டினார். நான் கத்திவிட்டேன். ஆ ஹெங் என் தோளைப் பிடித்து உலுக்கினார். அங்கிள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல், தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: "கியர் மாத்தறது கொஞ்சம் லேட்டு. மத்தபடி ஓட்டுறா."

பிரிக்பீல்ட்ஸ்

அன்று பகல் எல்லாரும் பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக்குப் போவதென்று முடிவானது. திருகுகளை மறுபடி பன்னிரண்டுக்குத் தளர்த்தினோம். மஞ்சள் கார் முன்னால், நானும் ஆ ஹெங்கும் எங்கள் லோரியில் பின்னால். ஒவ்வொரு ரோட்டு மேட்டிலும் முன் காரின் பக்கத்து சீட்டில் தெரிந்த அந்தத் தலையைத்தான் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பேசிச் சிரிப்பதுபோல் அந்தத் தலை ஆடிக்கொண்டே வந்தது.

கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு டீச்சர் இறங்கினார். நாங்களும் இறங்கினோம். அங்கிள் இறங்கவில்லை. வலியோ என்று பயந்து நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அவர் சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல், கைகளை மடியில் வைத்து, சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முதுகு எப்படி இருக்கிறது அங்கிள் என்று கேட்டேன். அவர் எனக்குப் பதில் சொல்லாமல், அந்தப் பக்கம் நின்ற டீச்சரை எட்டிப் பார்த்துச் சொன்னார்: "சந்திரா, சாப்பாட்டைக் கட்டி வாங்கிட்டு வா. இன்னொரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

காரை இறக்க, ஏற்ற, இறுக்க, தளர்த்த என்று எல்லாவற்றுக்கும் எங்கள் கடையில் திருகு இருக்கிறது. காரில் ஏறியவரைச் சாப்பிட இறக்குவதற்கு மட்டும் இன்னும் ஒரு கம்பெனியும் திருகு செய்யவில்லை.