சாளை மீன் தியானம்

இந்த ஜெர்மானிய நகரத்தில் டிராம் ஓட்டுநருடன் பேசக்கூடாது என்று என் இருக்கைக்குப் பின்னால் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஆனாலும் வாரத்தில் இரண்டு பேராவது இறங்கும்போது என் முகத்தைப் பார்த்துக் கைகூப்பி, கண்களை மூடி, "நமஸ்தே" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளையில் முப்பது வருடம் இருந்தேன். ஒருவரும் எனக்கு அப்படி வணக்கம் சொன்னதில்லை. சலாம் சொல்வார்கள், இல்லையென்றால் "எங்கலே போறே" என்பார்கள்.

சென்ற வருடம் மருத்துவப் பரிசோதனையில் என் ரத்த அழுத்தம் எல்லை தாண்டியிருந்தது. மூன்று மாதத்தில் இறங்காவிட்டால் டிராம் ஓட்ட முடியாது என்றார் மருத்துவர். மாத்திரை எழுதியவர், தியானமும் செய்யச் சொன்னார். "நீங்கள் இந்தியர். அது உங்கள் ரத்தத்திலேயே இருக்குமே." என் ரத்தத்தில் இருந்தது அழுத்தம் மட்டும்தான். தொழுகை இல்லையா என்று ஊரில் இருப்பவர்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அங்கே நான் கேட்கிறவன். கேட்பதெல்லாம் கடலுக்குப் போகும் என் காக்காவுக்காக. காக்கா என்றால் எங்கள் வீடுகளில் அண்ணன்.

மாலை வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியை காரின் என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார், மற்றவர்கள் என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று. "கண்களை மூடுங்கள். நீங்கள் ஒரு கடற்கரையில் இருக்கிறீர்கள். அலை வருகிறது, போகிறது" என்றார். சுற்றிலும் பதினொரு பேர் உருகிப்போனார்கள். எனக்கு நெஞ்சு படபடத்தது. சிறு வயதிலிருந்தே கடற்கரை என்றால் எனக்குக் காத்திருக்கும் இடம். போன படகுகளில் எத்தனை திரும்பின, காக்காவின் படகு எங்கே, காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது. கண்ணைத் திறந்தபோது என் சட்டை நனைந்திருந்தது. காரின் அதை ஆழ்நிலை என்று நினைத்துப் பாராட்டினார்.

அடுத்து நடைத் தியானம். பூங்காவில் ஒவ்வொரு அடியாகத் தரையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். ஒரு பெண்மணி, "எதையாவது தேடுகிறீர்களா?" என்று கேட்டார். "ரூஹே" என்றேன். அவர்கள் மொழியில் அமைதி என்று பொருள். என் உச்சரிப்பில் அது ரூடி என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. ரூடி இங்கே பலர் நாய்க்கு வைக்கும் பெயர். என்ன இன நாய் என்று கேட்டார். நான் விளக்குவதற்குள் புதருக்குள் குனிந்து "ரூடி, ரூடி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். பாவம், கால் மணி நேரம் தேடினார். நானும் கூடவே தேடினேன்.

இரண்டு மாதம் இப்படியே போயிற்று. பிறகு ஒரு விடுமுறை நாள். விடியலில் கரைக்கு வந்திருக்க வேண்டிய காக்காவின் படகு ஊரில் மதியமாகியும் வரவில்லை என்று அவர் மனைவி, என் மதினி, போனில் சொன்னார். காக்காவைப் பலமுறை அழைத்தேன், மணி போகவில்லை. கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல், துருக்கிக்காரர் கடையில் வாங்கிவைத்திருந்த சாளையைப் பொரித்தேன். மற்ற ஊர்களில் இதை மத்தி என்பார்கள். மயிர் போன்ற முட்கள். ஒன்றை எடுத்து வைத்தேன், அடுத்தது நாக்கில் தட்டியது. அதையும் எடுத்தேன். வேறு நினைப்பு வந்தால் தொண்டையில் சிக்கிவிடும் என்பதால் வேறு நினைப்பு வரவில்லை. ஆறு மீன் முடிந்து நிமிர்ந்தபோது போனில் காக்காவின் இரண்டு தவறிய அழைப்புகள் இருந்தன. கையைக்கூடக் கழுவாமல் அழைத்தேன்.

"என்னலே, அத்தனை வாட்டி கூப்பிட்டிருக்கே, நான் அடிச்சா எடுக்க மாட்டேங்கிறே. எஞ்சின் நின்னுபோச்சு. பக்கத்து போட்டுக்காரங்க கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாங்க."

"முள்ளு எடுத்துக்கிட்டு இருந்தேன் காக்கா."

"நான் அங்கன கடல்ல கெடக்கேன், நீ முள்ளு எடுத்தியாக்கும்" என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. அழுது முடித்து வீட்டிலிருந்த கருவியில் ரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தேன். அந்த வருடத்திலேயே அன்றுதான் அழுத்தம் குறைவு.

காரினிடம் சொன்னேன். கடைசி வகுப்புக்கு எல்லோருக்கும் மீன் கொண்டுவரச் சொன்னார். எல்லோரும் தட்டில் குனிந்து விரலால் முள் எடுத்தார்கள். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் மட்டும் கத்தியால் மீனைக் கீறி, முட்கூட்டை அப்படியே தூக்கித் தட்டோரம் வைத்தார். அவருடைய தியானம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

பரிசோதனையில் தேறினேன். என்ன முறை என்று மருத்துவர் கேட்டார். "மீன்" என்றேன். மீன் எண்ணெய் மாத்திரை என்று எழுதிக்கொண்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் காக்கா மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது நான் காலை உணவுக்கே மீன் பொரித்துவிடுகிறேன். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்து, வீடியோவில் இருவரும் பேசாமல் சாப்பிடுகிறோம். அங்கே மதினி, "இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கவா?" என்று கேட்கிறார். யாரைக் கேட்கிறார் என்று தெரியாமல் இரண்டு நாட்டிலும் இரண்டு தட்டுகள் நீளுகின்றன.