நான் சரித்துப் போட்ட இருக்கை

அகரம் போகும் சாலையில் நிற்கும் பேருந்து நிழற்குடையை வரைந்தவன் நான்தான். "எவனும் படுத்துறக் கூடாது, அம்புட்டுதான்" என்றார் ஒப்பந்தக்காரர். வடிவமைப்பு என்பது மக்களுக்கான தொழில் என்று தடித்தடிப் புத்தகங்களில் கோடு போட்டுப் படித்தவன் நான். ஒரு கேள்விகூடக் கேட்காமல், மூன்று இரும்புக் குழாய்களை முன்பக்கம் சரித்து இருக்கை என்று வரைந்து கொடுத்தேன். படத்தில் எடுப்பாகத் தெரியட்டும் என்று கூரையையும் உயர்த்தினேன். கம்ப்யூட்டர் திரையில் வெயில் அடிப்பதில்லை. அந்தப் படத்துக்குக் கேடயம் தந்தார்கள். வீட்டு அலமாரியில் அது மட்டும் சரியாமல் நிற்கிறது.

போன வைகாசியில் பைக் மக்கர் செய்ததால், இடுப்பு வலியோடு அங்கே பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். காலை ஒன்பது மணி வெயில் கூரைக்கு அடியில் நேராக உள்ளே வந்தது. நான் வழுக்குவதும் ஏறி உட்காருவதுமாக இருந்தேன். பூ மார்க்கெட்டுக்குப் போகும் ஒரு பெண், மல்லிகைக் கூடையைத் தரையில் வைத்து, வெயிலுக்கு முதுகைக் கொடுத்து அதற்கு நிழலாக நின்றார். வாடிய பூவை மார்க்கெட்டில் யார் சீண்டுவார்கள்?

"செத்த நேரம் உக்காரலாமேம்மா" என்றேன்.

"அதுல எங்கிட்டுண்ணே உக்கார? வரைஞ்ச மகராசன ஒருநா இதுல உக்கார வச்சுப் பாக்கணும்."

பற்றிக்கொண்டு வந்தது. ஒப்பந்தக்காரரை மனதுக்குள் திட்டிப் பார்த்தேன், பொருந்தவில்லை. அவர் சொன்னது ஒரு வரி. சரிவை அளந்து போட்டது என் கை.

எழுந்து போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்றேன். என் தொப்பையின் நிழல் கூடையின் மிச்சத்தை மூடியது. இத்தனை வருடத் தொழிலில் நான் உருப்படியாகக் கொடுத்த நிழல் அதுதான்.