பதினேழாம் எண் கிண்ணம்

உலையின் கதவைத் திறந்ததும் முடி கருகிய நெடி வரும். கடலடி மண்ணைச் சுட்டால் அப்படித்தான். காலையில் கருஞ்சாம்பல் நிறத்தில் உள்ளே போகும் மண், மாலையில் செங்கல் பொடிபோலச் சிவந்து வெளியே வரும். பீங்கான் கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் தராசில் வைப்பேன். எடை கொஞ்சம் குறைந்திருக்கும். அந்தக் குறைவுதான் எங்களுக்கு வேண்டியது. மண்ணுக்குள் ஒரு காலத்தில் உயிரோடிருந்தது எவ்வளவு என்பதை அதுதான் சொல்லும்.

தூத்துக்குடியிலிருந்து பிழைப்புக்காகக் கொச்சிக்கு வந்த நான், மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகுக் கிட்டங்கியின் மாடியில் இருந்த ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். படகில் போகிறவர்கள் கரையோரக் கடலின் அடிமண்ணை அள்ளி, எண் எழுதிய பைகளில் கொண்டுவருவார்கள். அதைக் காயவைத்துப் பொடித்துச் சுடுவது என் வேலை. சுட்ட கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்ப்பது ராத்தாவின் வேலை. அக்காவை எங்கள் ஊர் முஸ்லிம்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த வழக்கத்தில் நானும் கூப்பிட்டேன். மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம் அவருடையது. பேச்சில் பாதி மலையாளம். நான் கேலி செய்தால் சிரித்துக்கொள்வார்.

ஒவ்வொரு பையைப் பிரிக்கும்போதும் பக்கத்தில் வந்து நிற்பார். "இது எவிடத்து மண்ணு, மோளே?" என்பார். சீட்டைப் படித்துச் சொல்வேன். கேட்டுவிட்டுப் போய்விடுவார். அவர் கணவர் போன விசைப்படகு திரும்பி வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை.

ஒரு மழைக்காலத்தில் பதினேழாம் எண் பையைப் பிரித்தேன். கொச்சிக்கு வடமேற்கே, முப்பது பாகம், அதாவது நூற்றெண்பது அடி ஆழம் என்று படித்தேன். ராத்தா நகரவில்லை. "அவிடெருந்துதான் அவரு கடைசியா போன்ல பேசினது" என்றார். பிறகு, இந்த மண்ணில் என்னதான் தேடுகிறாய் என்று கேட்டார். கேட்க ஆள் கிடைத்தால் எனக்குப் பேசாமல் இருக்க முடியாது. கடலில் செத்தது எல்லாம், பாசியோ புழுவோ மீனோ, மெல்லக் கீழே இறங்கும். வழியிலேயே பெரும்பங்கை மற்றவை தின்றுவிடும். மிச்சம் அடியில் படியும் என்றேன்.

"மனுஷனோ?"

"கடலுக்கு எல்லாம் ஒன்னுதான், ராத்தா."

அந்த வாய்த்துடுக்குக்கு என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

"நம்ம ஆளுகளைத் தீயில வைக்கப் பாடில்ல, மோளே" என்றார். குரல் உயரவில்லை. "அந்தப் பை மட்டும் எனக்குத் தா. என் தம்பிகிட்டச் சொல்லிப் பள்ளிவாசல் பறம்புல அடக்கிடுறேன். எனக்குப் போய் நிக்க ஒரு எடம் வேணும்."

எண்ணி வாங்கிய பைகள். ஒன்று குறைந்தால் என் வேலை போகும். அதைச் சொல்ல மனமில்லாமல் ஆறுதல் சொல்லப் போனேன். அவர் இந்த மண்ணில் இருக்க மாட்டார், ராத்தா. தின்ற உயிர்கள் எல்லாவற்றையும் மூச்சாக விட்டுவிடும். மழைக்காலத்தில் அடித்தண்ணீர் கரையோரம் மேலே வரும்போது அது காற்றில் கலந்துவிடும் என்றேன். ஜன்னல் வழியாகக் கடல்காற்று சேற்று வாடையோடு வந்துகொண்டிருந்தது. ராத்தா ஜன்னலையே பார்த்தார்.

"அப்போ இப்ப நாம உள்ள இழுக்குறதோ?"

எனக்குச் சட்டென்று மூச்சு நின்றது. எத்தனை நேரம் அடக்கியிருந்தேனோ தெரியாது.

ராத்தா வீட்டுக்குப் போனதும் அந்த மண்ணைச் சுட்டேன். பையில் கொஞ்சமே இருந்ததால் ஒன்றும் மிஞ்சவில்லை. புகைக்குழாய் தெருப்பக்கம் திறந்திருந்தது. யாரும் சொல்லாமலே ஜன்னலைச் சாத்தினேன். எடை போட்டபோது, பதினேழாம் கிண்ணம் மற்றவற்றைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தது. மறுபடி நிறுத்தேன். அதே எடை. அதற்கு நூறு காரணங்கள் உண்டு, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் மூன்றாவது முறையும் நிறுத்தேன். மறுநாள், ஆலப்புழைக்கு நேரே வேறெங்கோ அள்ளிய மண்ணில் மிஞ்சியதைப் பொட்டலம் கட்டி, இதுதான் என்று ராத்தாவிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

தம்பி அதை அடக்கிய பின், பெண்கள் அடக்கத்தலத்துக்குள் போகும் வழக்கம் இல்லாததால், வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிவாசல் மதிலுக்கு வெளியே போய் நின்றுவிட்டு வருவார். அந்த நாட்களில் அவர் கொண்டுவந்து தரும் சாயாவை ஆறவிட்டுக் கொட்டிவிடுவேன். போன மாதம் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். ராத்தா, நான் தந்தது அந்த மண் இல்லை, அதைச் சுட்டுவிட்டேன்.

ராத்தா கையைத் துடைத்துக்கொண்டார். "அறியும், மோளே. பையில எழுதின நம்பரு கிண்ணத்துலயும் இருந்ததுல்லே. கழுவினது நானாக்கும். செத்தவங்க மய்யத்தைக் குளிப்பாட்டுற மாதிரி மூணு வட்டம் தண்ணி ஊத்தி, ஓதிக்கிட்டே கழுவினேன். அவருக்குச் செய்ய எனக்கு அது மட்டுமாவது கிட்டிச்சு."

"அப்படின்னா பள்ளியில அடக்கினது?"

"கடல்ல போனது எங்காளு மட்டுமா? அதுலயும் யாராவது இருப்பாங்க. அவங்களுக்கும் ஒருத்தி இருப்பா, போய் நிக்க எடமில்லாம. அவளுக்கு வேண்டிதான் நிக்கிறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை நானும் கூட வரட்டுமா என்று கேட்டேன்.

"வா" என்றார். "மதிலோரம் ரெண்டு பேரு நிக்கலாம்."