பெட்டியில் வந்த புது ரிலீஸ்

தொண்ணூறுகளின் கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில், பம்ப் பாகங்கள் செய்யும் ஒரு சிறிய கம்பெனியின் கம்ப்யூட்டர் அறை எங்கள் இருவர் பொறுப்பில் இருந்தது. நானும், ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து மின்சார ரயிலில் வரும் ஒரு பெண்ணும். பில் போடும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே பிரிண்டரைப் பங்கிட்டுக்கொள்ள முதலாளி ஒரு மென்பொருள் வாங்கிப் போட்டிருந்தார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பிரிண்ட் கொடுத்தால் பிரிண்டர் அப்படியே நின்றுவிடும்.

விற்ற கம்பெனியின் இன்ஜினியர், "அடுத்த ரிலீஸ்ல சரியாயிடும்" என்பார். அடுத்த ரிலீஸ், அதாவது புதுப் பதிப்பு, பளபளக்கும் பெட்டியில் வந்தது. போட்டதும் திரையில் புதிதாக ஒரு சூரியன் படம் உதித்தது. பிரிண்டர் பழையபடியே நின்றது.

கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த, யாரும் காசில்லாமல் போட்டுக்கொள்ளவும் திருத்தவும் கூடிய லினக்ஸ் சிடியை அவள் ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஏற்றினாள். பிரிண்டர் நிற்கவில்லை; ஆனால் ஒவ்வொரு பில்லுக்குப் பின்னாலும் ஒரு வெற்றுத் தாள் வந்து விழுந்தது. அதில் பிரிண்டரை ஓட்டும் நிரலை எழுதியவருக்கே மெயில் அனுப்பினாள். எந்த நாட்டுக்காரரோ, மறுநாளே திருத்தம் அனுப்பினார். அதைப் போட்டதும் வெற்றுத் தாள் போனது, கூடவே பில்லின் முதல் வரியும் போனது. மறுபடி மெயில், மறுபடி திருத்தம்.

"தப்பும் சுடச்சுட வருது, திருத்தமும் சுடச்சுட வருது" என்றாள்.

ஒருவழியாக ஒழுங்காக ஓடியதும் முதலாளியிடம் சொன்னோம்.

"சும்மா குடுக்கறான்னா அதுல இன்னாவோ கீதும்மா. பெட்டில வர்ற சரக்குதான் நமக்கு சரி."

அவள் திரும்பி வந்து, பளபளப்புப் பெட்டிக்குள் இருந்த சிடியை எடுத்துவிட்டுப் பத்திரிகை சிடியை வைத்தாள். பெட்டியை அவர் மேஜைக்கே கொண்டுபோய், "சார், இதுல இருக்கறதையே போட்டுடறோம்" என்றாள். அவர் பெட்டிக்குக் குங்குமம் வைத்தார். நான் இருமுவதுபோல வெளியே போய்விட்டேன்.

அதன்பிறகு பிரிண்டர் நிற்கவேயில்லை. முதலாளி இன்ஜினியரை வரவழைத்துக் காபி கொடுத்தார்.

"இப்பத்தான் நைனா ஒயுங்கா ஓடுது."

இன்ஜினியர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு காபியை உறிஞ்சிவிட்டு, "அதான் சார் நம்ம புது ரிலீஸ்" என்றார்.

"பேப்பர் தீர்ந்தா திரையில மெசேஜ் வருதே, அதுவும் நீங்க பண்ணதா சார்?" என்று அவள் பவ்யமாகக் கேட்டாள்.

"ஆமாம்மா. அதுக்குத்தான் எங்க ஆளுங்க ரொம்பக் கஷ்டப்பட்டாங்க."

முந்தின நாள் மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே அதை எழுதிச் சேர்த்தது அவள்தான்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு சார்" என்று மனதாரப் பாராட்டினாள்.