வெர்லின் லாரி சாய்ந்த கதை

வெர்லின் ஸ்ட்ரௌடுக்கு இந்த உலகத்தில் இரண்டின் மேல்தான் நம்பிக்கை. ஒன்று கிரேவி என்கிற அவருடைய நாய். இன்னொன்று மட்டம் பார்க்கிற ரசமட்டம். நாயாவது ரொட்டி விஷயத்தில் ஏமாற்றும், கண்ணாடிக்குள் இருக்கும் குமிழி ஏமாற்றாது என்பார்.

காலமெல்லாம் மின்கம்பம் ஏறிய மனிதர். வேலையை விட்டபோது, தான் ஓட்டிய கம்பெனி லாரியையே ஏலத்தில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு பக்கமும் சாமான் பெட்டிகள் வைத்த வெள்ளை லாரி. நடுவில் கூரை போட்டு, கட்டிலும் மேசையும் அடுப்பும் வைத்து அதையே வீடாக்கிக்கொண்டார். அரிசோனா பாலைவனத்தில் நானும் அம்மாவும் குடியிருக்கிற பழைய பள்ளிப் பேருந்துக்குப் பக்கத்தில்தான் அது நிற்கிறது.

சக்கரத்தின் மேல் குடியிருக்கிற எல்லோரும் வண்டி ஆடாமல் நிற்க டயருக்கடியில் பலகை கொடுப்போம். ஏதோ சுமாராக நின்றால் போதும், காபி போடப் போய்விடுவோம். வெர்லின் அப்படியில்லை. குமிழி நட்டநடுவில் வந்து நிற்கிறவரை முன்னே ஓட்டுவார், பின்னே ஓட்டுவார், இறங்கிப் பார்ப்பார், மறுபடி ஏறுவார். ஒருமுறை அவர் மேசைக்காலுக்கு அடியில் ஒரே ஒரு காசைச் செருகிவிட்டு வந்தேன். அவர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"டேய் ரெம்மி! உன் காசை வந்து எடுத்துட்டுப் போடா! என் முட்டை உருளுது!"

வெயில் காலம் வந்தால் புத்தியுள்ளவர்கள் எல்லாம் வடக்கே போய்விடுவார்கள். வெர்லின் போகமாட்டார். மகள் நோரீன் பக்கத்து ஊரான யூமாவில் இருக்கிறாள். வடக்கே போனால் அவளால் வந்து பார்க்க முடியாது. இதை அவர் சொன்னதில்லை, நானாகத் தெரிந்துகொண்டேன்.

போன கோடையில் லாரிக்குள்ளேயே மயங்கி விழுந்துவிட்டார். கிரேவி குரைத்த குரைப்பில் அம்மா ஓடிப்போய்த் தண்ணீர் தெளித்தாள். அதிலிருந்து நோரீன் பிடிவாதமாக நின்றாள்.

"என் வீட்டுக்கு வந்துடுப்பா."

"உன் கட்டடத்துல நாய் கூடாதே."

"அதுக்கு நல்ல காப்பகம் இருக்கு. பார்த்துக்குவாங்க."

"அப்ப என்னையும் அங்கயே சேத்துடு."

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஜூலை உச்சி வெயிலில் நோரீன் வருவாள். லாரிக்குள் ஒரு மணி நேரம் வியர்க்காமல் உட்கார முடிந்தால் அப்பா இங்கேயே இருக்கலாம். முடியாவிட்டால் அவர் யூமாவுக்கு, கிரேவி காப்பகத்துக்கு.

வெர்லின் ஒரு பழைய ஜன்னல் ஏசியைக் கொண்டுவந்தார். வலது பக்கத்துச் சாமான் பெட்டியைக் காலி செய்து, சூடான காற்று வெளியேற வேண்டுமென்று அதன் கதவைக் கழற்றினார். கட்டிலுக்கு மேலே இரும்புச் சுவரைச் சதுரமாக அறுத்தார். பொறி பறந்து என் சட்டையில் ஓட்டை விழுந்தது. ஏசியின் முகம் உள்ளே, முதுகு அந்தப் பெட்டிக்குள். கீழே இரும்புச் சட்டம் கொடுத்து, சுற்றிலும் ரப்பர் வைத்து இறுக்கினார். அப்புறம் ரசமட்டத்தை அதன் தலையில் வைத்தார். குமிழி நடுவில் வந்து நின்றது.

"பாரு, சர்ச்சுல கூட இப்படி நேரா ஒண்ணு கிடையாது."

"சர்ச்சுக்கு நீ போனாத்தானே பெருசு தெரியும்."

ஜெனரேட்டரைப் போட்டார். குளிர்ந்தது! ஜூன் முழுக்கக் கிரேவி போர்வைக்குள் தூங்கியது. நான் கூட ஏதாவது சாக்கு சொல்லிக்கொண்டு தினமும் போய் உட்கார்ந்தேன்.

ஜூலையில் மழைக்காற்று வந்தது. அதுவரை எலும்பு மாதிரி காய்ந்து கிடந்த காற்று ஈரத்துணி மாதிரி ஆனது. நோரீன் வரவேண்டிய அன்று காலையில் அந்த ஈரமெல்லாம் தண்ணீராகி ஏசி முகத்திலிருந்து சொட்ட ஆரம்பித்தது. சொட்டு ஓடையாகி மெத்தை நனைந்தது. நிறுத்தினால் வேகிறது, போட்டால் ஒழுகுகிறது. வெர்லின் பிரித்தார், துடைத்தார், மூடினார், ரசமட்டம் வைத்தார். குமிழி நடுவில்தான் இருந்தது.

"மட்டமாத்தானேடா இருக்கு," என்றார், யாரோ பொய் சொல்லிவிட்ட மாதிரி.

கிரேவி அவர் காலடியில் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. அதை எங்கள் பேருந்தில் வைத்துக்கொள்ளலாமா என்று நான் ஏற்கனவே அம்மாவிடம் கேட்டிருந்தேன். எங்களிடம் ஏசியும் இல்லை, இடமும் இல்லை.

அப்போது நோரீனிடமிருந்து போன் வந்தது. முந்தின நாள் மழையில் இளகிய ஓடை மணலில் அவள் கார் புதைந்துவிட்டது. வெர்லின் பலகைகளை விட்டு லாரியை இறக்கிக்கொண்டு பறந்தார். நானும் ஏறிக்கொண்டேன். சங்கிலி மாட்டிக் காரை இழுத்துப் போட்டோம். காரின் பின் சீட்டில் நாய்க்கூண்டு ஒன்று புதுசாக உட்கார்ந்திருந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தோம்.

திரும்பி வந்ததும் நோரீன் முகம் வெயிலில் சிவந்து போயிருந்ததைப் பார்த்துவிட்டு வெர்லின் பலகையைத் தேடவில்லை. லாரியை அப்படியே நிறுத்தினார். வலது பக்கம் பள்ளம். ஜெனரேட்டரைப் போட்டு, ஏசியைத் திருகி, மெத்தையைத் திருப்பிப் போட்டு அவளை உட்கார வைத்தார்.

"என்னப்பா, வண்டி சாயுது? என் கிளாஸ் நகருது பாரு."

"இரும்மா, பலகை வைக்கிறேன். மட்டமில்லாம நிக்கிறது எனக்கே அசிங்கமா இருக்கு."

"சும்மா உக்காருப்பா. நல்லா ஜில்லுனு இருக்கு."

அவர் உட்காரவில்லை. ஏசி முகத்துக்குக் கீழே கையை ஏந்திக்கொண்டு நின்றார். கை காய்ந்தே இருந்தது.

"வெளிய ஏதோ சொட்டுது," என்றாள் நோரீன்.

நான் எட்டிப் பார்த்தேன். ஏசியின் முதுகிலிருந்து தண்ணீர் தாரையாக மணலில் விழுந்துகொண்டிருந்தது. எப்போது இறங்கிப் போனதோ, அந்தக் குட்டையில் கிரேவி வயிற்றைப் பரப்பிப் படுத்திருந்தது.

"பெருசு! ஏசி முதுகுப் பக்கமா சாஞ்சதும் தண்ணி வெளிய போகுது! நீ நேரா வச்சதுதான் தப்பு!"

வெர்லின் வந்து பார்த்தார். பிறகு லாரியின் படியிலேயே உட்கார்ந்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். முதலில் அது சிரிப்பில்லை, அப்புறம்தான் சிரிப்பானது.

ஒரு மணி நேரத்தை யாரும் எண்ணவில்லை. நோரீன் சரிவின் பக்கமாகச் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஈரத்தோடு ஏறிவந்த கிரேவியும் சறுக்கிக்கொண்டு போய் அவள் மடியில் விழுந்தது. எழுந்தவள் சட்டையைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள்.

"வியர்வை இல்லப்பா, இது நாய்த் தண்ணி. கணக்குல வராது," என்றாள்.

கூண்டு காலியாகவே யூமாவுக்குத் திரும்பியது. மேட்டில் ஏறும்போது அது காருக்குள் கடகடவென்று ஆடிய சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது வெர்லின் இடது பக்கச் சக்கரங்களுக்கு மட்டும் பலகை கொடுக்கிறார். ரசமட்டத்தின் கண்ணாடியில், குமிழி ஒதுங்கி நிற்கிற இடத்தில், கறுப்பு மையால் ஒரு கோடு போட்டிருக்கிறார். அந்தக் கோட்டுக்கு வருகிறவரை முன்னே ஓட்டுகிறார், பின்னே ஓட்டுகிறார். நேற்று அவர் மேசையின் வலது காலுக்கு அடியில் ஒரு காசைச் செருகிவிட்டு வந்தேன்.

"டேய் ரெம்மி, இன்னும் நாலஞ்சு காசு கொண்டு வாடா!" என்று கத்தினார். "முட்டை இன்னும் நிக்கல!"