மூடுபனியில் ஜெயித்த அணி

போன மாதம் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பள்ளியில் விளையாட்டு விழா. சும்மா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருந்தார்கள். லேசாகத் தூறல் விழுந்து சுண்ணாம்பு நனைந்தபோது எழுந்த வாசனை என்னை நேராக ஏற்காட்டுக்குக் கொண்டு போய்விட்டது. பிள்ளைகள் வெகுநேரமாக வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் இன்னும் வரவில்லையாம். சிறப்பு விருந்தினர் என்கிற பிராணியை நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கவனித்து வருகிறேன். இத்தனை வருஷத்தில் அதன் கார் மாறியிருக்கிறது. வேறு எதுவும் மாறவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. அப்பா ஏற்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். கணக்கு எழுதுகிறவரை மலையில் அப்படித்தான் சொல்வார்கள். கல்லூரித் தோழிகளிடம் மட்டும் நான் எழுத்தாளரின் மகள் என்று ஜம்பமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். படிப்பு முடிந்து வீட்டில் உட்கார்ந்திருந்த சமயம், சேலத்துத் தினசரி ஒன்று ஏற்காட்டுக்கு நிருபர் தேவை என்று விளம்பரம் போட்டிருந்தது. பெயரைச் சுருக்கி இனிஷியல்களோடு எழுதிப் போட்டேன். ஆண்பிள்ளை என்று நினைத்து எடுத்துக்கொண்டார்கள். நேரில் பார்த்ததும் முகம் சுண்டிப்போய் விளையாட்டுப் பகுதிக்குத் தள்ளிவிட்டார்கள். மலைமேல் அப்படி என்ன விளையாட்டு நடந்துவிடப் போகிறது என்கிற தைரியம்.

விளையாட்டுப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர் வாராவாரம் ராசிபலனும் எழுதிவந்தார். இரண்டுக்கும் ஒரே முறைதான்: எதையும் போய்ப் பார்ப்பதில்லை. வெள்ளக்கடை கிராமத்தில் நடந்த ஒரு கபடிப் போட்டியைப் பற்றி நான் எழுதிய முதல் செய்தியைப் படித்துவிட்டு, யார் தலைமை வகித்தது, யார் கொடியேற்றியது, பரிசளித்தவரின் மனைவி என்ன புடவை கட்டியிருந்தார் என்று வரிசையாகக் கேட்டார். நான் பாயிண்டுகளை மட்டும்தான் குறித்து வந்திருந்தேன். பாவப்பட்டுத் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்.

"யாரு ஜெயிச்சாங்கறதக் கடைசி வரியில போடும்மா. எடம் பத்தலேன்னா வெட்டறதுக்குத் தோதா இருக்கும்."

செய்தியை உறையில் போட்டு மாலை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். கூடை கூடையாகப் பலாவும் கொய்யாவும் இறங்குகிற பஸ் அது. என் எழுத்தெல்லாம் பலாப்பழ வாசனையோடுதான் ஆபீஸ் போய்ச் சேர்ந்தது. கண்டக்டர் வழியிலேயே உறையைப் பிரித்துப் படித்துவிடுவார். மறுநாள் நான் ஏறும்போது, "அந்தக் கடைசிப் பாயிண்ட நீங்க செரியாச் சொல்லலீங்க அம்மிணி" என்பார். ஆபீஸில் யாரும் படிக்காததால் எனக்கு வாய்த்த ஒரே விமர்சகர் அவர்தான்.

இப்போது துரையைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பா வேலை பார்த்த எஸ்டேட்டின் முதலாளி. துரை என்றதும் வெள்ளைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். சேலத்தில் ஜவுளி விற்ற குடும்பம். எஸ்டேட்டை வாங்கி மலையேறியதும் முதலில் ஒரு தொப்பி வாங்கினார், பிறகு ஒரு பைப், அதற்கப்புறம் தன்னைத் துரை என்று கூப்பிடவைத்தார். பைப்பில் ஒருநாளும் புகை வந்து நான் பார்த்ததில்லை.

வருஷாவருஷம் மே மாதத்தில், சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக் கூட்டம் கூடுகிற நாட்களில், தன் தகப்பனார் பெயரில் ஒரு வாலிபால் போட்டி நடத்துவார். அவருடைய எஸ்டேட் அணியும் அதில் ஆடும். அவருடைய மேனேஜர்தான் நடுவர். கோப்பை பங்களாவிலிருந்து ஜீப்பில் புறப்பட்டு, மைதானத்தில் மாலை வாங்கிக்கொண்டு, அன்று மாலையே பங்களாவுக்குத் திரும்பிவிடும். உற்சவமூர்த்திகூட அவ்வளவு சீக்கிரம் கோயிலுக்குத் திரும்பியதில்லை.

அந்த வருஷம் பக்கத்து மலைக்கிராமமான கொட்டச்சேட்டின் அணி இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. அதன் கேப்டன் சடையன், சாமையும் கொஞ்சம் காப்பியும் போட்டிருந்த விவசாயி. கட்டையான ஆள். ஆனால் நெட்டுக்கு மேலே எழும்பினால் கொஞ்ச நேரம் அங்கேயே தங்கிவிட்டு இறங்குகிற மாதிரி இருக்கும். எஸ்டேட் அணியில் அவருக்கு ஈடு கொடுக்கக் கூடியவர் ஜீப் டிரைவர் ஆறுமுகம். இவர்கள் இரண்டு பேரையும் எதிரெதிரே பார்க்க மலை முழுக்கத் திரண்டு வந்திருந்தது.

காலையில் தொடங்கவேண்டிய ஆட்டம், சிறப்பு விருந்தினராக வரவேண்டிய ஒரு பெரிய அதிகாரிக்காகக் காத்திருந்தது. மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அவர் வந்தார். காலந்தவறாமையைப் பற்றி வெகுநேரம் பேசினார். நான் குறிப்பெடுத்தேன். சிரிக்காமல் எழுதுவதற்கு எனக்குக் கிடைத்த முதல் பயிற்சி அது.

கடைசி செட்டில் கொட்டச்சேடு பதிமூன்று, எஸ்டேட் பத்து. பள்ளத்திலிருந்து மூடுபனி, மலைக்காரர்கள் சொல்லும் மஞ்சு, ஏறி வந்தது. முதலில் மரங்கள், பிறகு கூட்டம், அப்புறம் எதிர்ப்பக்கத்து ஆட்டக்காரர்கள் என்று ஒவ்வொன்றாக மறைந்தன. மேனேஜர் விசிலடித்து ஆட்டத்தை நிறுத்தினார். மலைக்காரர்களுக்கு இது புதிதில்லை. அவரவர் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தார்கள். மஞ்சு வரும், போகும்.

அதிகாரிக்குத்தான் பொறுக்கவில்லை. கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துப் பயந்து தன் கார் டிரைவரை வண்டி எடுக்கச் சொல்லிவிட்டார். போட்டோவில் அதிகாரி இல்லாவிட்டால் துரைக்குப் போட்டியே நடந்த மாதிரி இல்லை. மைக்கை வாங்கி, போன வருஷம் ஜெயித்த அணி என்கிற முறையில் தன் அணியே வென்றதாக அறிவித்தார். சடையன் மட்டும் எழுந்து மேனேஜரிடம் வந்தார்.

"ஏனுங்க, பதிமூணு எங்களுதுங்களே?"

"மஞ்சு எறங்குனா ரூல்சு வேறப்பா" என்றார் மேனேஜர்.

ஆறுமுகம் தலையைக் குனிந்தபடி கோப்பையை வாங்கினார். போட்டோவில் அவர் முகம் விழவில்லை. அதிகாரியின் முகம் நன்றாக விழுந்திருந்தது.

நான் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் கண்டக்டர் குறை எதுவும் சொல்லவில்லை. எழுத்து நன்றாக இருக்கிறது, ஆனால் பேப்பரில் வராது என்றார். வரவில்லைதான். எஸ்டேட் அணி ஆவேசமாக ஆடி வெற்றிவாகை சூடியதாகவும், காலந்தவறாமை பற்றி அதிகாரி ஆற்றிய உரை அனைவரையும் கவர்ந்ததாகவும் வந்திருந்தது. ராசிபலன்காரர் என் செய்தியைப் போனில் துரைக்கு முழுசாக வாசித்துக் காட்டிவிட்டு, அவர் சொல்லச் சொல்ல வேறொன்றை எழுதியிருக்கிறார். இதைப் பிற்பாடு என்னிடம் அவரே சொன்னார், மரியாதை தெரிந்த மனிதர் என்கிற பெருமையோடு.

அப்பாவைப் பங்களாவுக்குக் கூப்பிட்டனுப்பினார்கள். திரும்பி வந்து வெகுநேரம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். நாங்கள் இருந்தது எஸ்டேட் வீடு.

"ஏங்கண்ணு, ஒரு பந்துக்காக ஊட்டக் காலி பண்ணச் சொன்னா எங்க போறது?"

அந்த வயதில் என்னிடம் இளக்காரம் ஏராளமாக இருந்தது. துரைக்கும் மேனேஜருக்கும் கொடுத்தது போக அப்பாவுக்கும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறுமுகம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்க்க வரவில்லை. நெட்டும் பந்தும் இருந்த ஸ்டோரின் சாவி அப்பாவிடம் இருந்தது.

"கொட்டச்சேட்டு ஆளுங்க வந்திருக்காங்க. எங்களுக்கு அந்தக் கப்பு தொண்டையில நிக்குதுங்க. நின்ன எடத்துல இருந்து மிச்சத்த ஆடி முடிச்சர்றமுங்க."

துரை சொல்லாமல் ஒரு ஆணியைக்கூட எடுத்துக் கொடுத்தறியாதவர் அப்பா. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார். பங்களாப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு நீட்டினார்.

"தொர எந்திரிக்கறதுக்குள்ள நெட்டு ஸ்டோருக்கு வந்தறோணும்" என்றார்.

துரை எழுந்திருக்க ரொம்ப நேரமாகும் என்று எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மைதானத்தில் சுளீரென்று வெயில். கோடுகள் பாதி அழிந்திருந்தன. பார்ப்பதற்கு நான் ஒருத்திதான், கொஞ்ச நேரத்தில் அப்பாவும் வந்து ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார். பதிமூன்றுக்குப் பத்து என்று இரண்டு பக்கமும் ஒரே குரலில் சொன்னார்கள். சர்வீஸ் யாருடையது என்பதிலும் தகராறு இல்லை. நடுவர் கிடையாது. நெட்டில் கை பட்டால் பட்டவரே கையைத் தூக்கினார். இதற்கப்புறம் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ போட்டிகளைப் பார்த்துவிட்டேன், அந்த மாதிரி ஒன்றைப் பார்க்கவில்லை.

ஆறுமுகம் அன்று வேறு ஆளாக இருந்தார். பத்திலிருந்து ஒவ்வொன்றாக ஏறி எஸ்டேட் பதினாலைத் தொட்டது. கொட்டச்சேடும் பதினாலு. பிறகு எஸ்டேட் ஒன்று முன்னால் போனது; ஜெயிக்க இரண்டு பாயிண்ட் வித்தியாசம் வேண்டும், சர்வீஸும் அவர்களிடம்தான் இருந்தது. கடைசிப் பந்தைச் சடையன் எழும்பி ஓங்கி அடித்தார். கோட்டருகே விழுந்து புழுதி கிளம்பியது. உள்ளேயா வெளியேயா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆறுமுகம் உள்ளே என்று சொல்ல வாயெடுத்தார். சடையன் நெட்டுக்கு அடியில் குனிந்து இந்தப் பக்கம் வந்து, தரையில் தடத்தைப் பார்த்தார்.

"வெளியீங்க" என்றார்.

பிறகு ஆறுமுகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பச் செரிங்க. இப்பத்தான் தோத்திருக்கறோம்" என்றார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது, கசப்பு இல்லை.

துரை கொஞ்சம் பொறுத்திருந்தால் அதே கோப்பை யோக்கியமாக அவருக்குக் கிடைத்திருக்கும். தன் ஆட்கள் ஜெயிப்பார்கள் என்று நம்பாத ஆள் அந்த மலையிலேயே அவர் ஒருவர்தான்.

இதை எழுதிக் கோயம்புத்தூர்ப் பத்திரிகை ஒன்றுக்குத் தபாலில் அனுப்பினேன். மூடுபனியால் பாதியில் நின்ற இறுதி ஆட்டம் ஞாயிறன்று தொடர்ந்து நடந்தது, எஸ்டேட் அணி வென்றது என்று நாலு வரி போட்டார்கள். தலைமை வகித்தவர் யாரும் அதில் இல்லை. மலை முழுக்கப் படித்துச் சிரித்தது. துரைக்கோ வாயைத் திறக்க வழியில்லை, ஜெயித்தது அவருடைய அணியாயிற்றே. சேலத்துக்காரர்கள் என்னை நிறுத்திவிட்டார்கள், கோயம்புத்தூர்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். துரை அதன்பின் அப்பாவிடம் கணக்கைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. ஓய்வு பெறும்வரை அப்பா அதைச் சம்பள உயர்வு மாதிரிதான் அனுபவித்தார்.

அந்த மைதானம் இப்போது ஒரு சொகுசு விடுதியின் கார் நிறுத்தம். துரையின் பிள்ளைகள் எஸ்டேட்டைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். சேலத்துப் பத்திரிகை நின்றுபோனதை ஏற்காட்டில் யாரும் கவனிக்கக்கூட இல்லை. இவற்றில் ஒன்றுக்கும் நான் கண்ணீர் விடவில்லை.

ஆனால் அந்த ஆட்டமே போய்விட்டது. அன்றைய வாலிபாலில் சர்வீஸ் உங்களிடம் இருந்தால்தான் பாயிண்ட். இல்லையென்றால் உயிரைக் கொடுத்து ஆடினாலும் சர்வீஸ் மட்டும்தான் திரும்பக் கிடைக்கும், கணக்கு அப்படியே நிற்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை எவ்வளவோ நேரம் பலகையில் எழுத ஒன்றுமில்லாமல் பன்னிரண்டு பேர் புழுதியில் விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். டெலிவிஷன்காரர்களுக்கு அது ஒத்துவராதாம். இப்போதெல்லாம் பந்து தரையைத் தொட்டால் யாருக்காவது ஒரு பாயிண்ட்.